கோடு விழாத எண்

மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் எனக்குப் பத்து வயது. பெண் சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பக்கத்துத் தெருவில். கல்யாணம் தையில் என்று முடிவாகியிருந்தது. நடுவில் ஐந்து மாதம் கிடந்தது. நிச்சயமான பையன் தனியாகப் பெண் வீட்டுக்குப் போய் நிற்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் அக்கா பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் 'குழந்தையை வெளியே அழைத்துப் போவது'. இந்தச் சலுகையைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவது, பெண் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு தின்பது, சாயங்காலம் திரும்பி வருவது, இதுதான் என் உத்தியோகம். மாமாவும் அத்தையாகப் போகிறவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அம்மா வாராவாரம் துருவித் துருவிக் கேட்பாள். நான் டிவியில் பார்த்த கதையை ஒப்பிப்பேன்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். குடிகாட்டுப் பக்கம் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் ஒரு லேத் பட்டறையில் வேலை. அங்கே செய்ய வேண்டிய வேலைகளைச் சுவரில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பார்களாம். வேலை முடிந்தவுடன் மற்றவர்கள் அதன்மேல் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். மாமா அடிக்கமாட்டார். கடைந்த பொருளைக் கொண்டுபோய்ப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கண்ணால் கண்டு திரும்பி வந்த பிறகுதான் கோடு. வீட்டிலும் அதே சட்டம்தான். 'மிக்சி ரிப்பேர்' என்று அம்மா காலண்டரில் எழுதினால், மிக்சி சட்னி அரைத்துக் காட்டும் வரை அந்த எழுத்துக்கு விடுதலை கிடையாது. கலெக்டர் ஆபீஸில் இருக்க வேண்டிய ஆள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

வண்டி நெல்லிக்குப்பத்தில் ஒரு புரோக்கரிடம் வாங்கியது. பழைய டூ ஸ்ட்ரோக். அந்த ரகத்தைத் தயாரிப்பதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. அதனாலேயே இளவட்டங்களுக்கு அதன்மேல் உயிர். ஒரே ஓனர், பையன் வெளிநாடு போய்விட்டான், வீட்டில் ஓட்ட ஆள் இல்லை என்று புரோக்கர் சொன்னாராம். புதுப் பெயிண்ட், புதுப் பிஸ்டன், கண்ணாடிகூடப் புதுசு. மாமா இரண்டு நாள் சிரித்த முகமாக ஓட்டினார். மூன்றாம் நாள், இழுவை போதவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஹார்ஸ் பவர் என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். இந்த என்ஜினுக்குள் பதினொரு குதிரை இருக்க வேண்டும், இப்போது எட்டுதான் ஓடுகிறது, மீதி மூன்றும் உள்ளே படுத்துத் தூங்குகிறது, எழுப்பிவிட்டால் பதினான்காகக் கூட ஆகும் என்று மாமா சொன்னார். தூங்குகிற குதிரையின் மூச்சு கேட்கிறதா என்று நான் என்ஜினில் காதை வைத்தேன். காது சுட்டுப் பழுத்துப்போனது. அம்மா மாமாவைத் திட்டிக்கொண்டே மஞ்சள் தடவினாள்.

அந்தச் சனிக்கிழமை வண்டியைக் கழுவும்போதுதான் நான் அதைக் கண்டுபிடித்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே டூல்ஸ் வைக்க ஒரு சின்னப் பெட்டி. அதன் பின்னால், கை நுழையாத இடுக்கில், பாலிதீன் பை ஒன்று ரப்பர் பேண்டு சுற்றிச் செருகியிருந்தது. மாமாவின் கை நுழையவில்லை, என் கை நுழைந்தது. உள்ளே நாலாக மடித்த தினசரி காலண்டர் தாள். பின்பக்கம் நீல மையில் எழுத்து. எப்பேர்ப்பட்ட கையெழுத்தையும் படிப்பேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. சத்தமாகப் படித்தேன்.

முதல் வரி, ஹெட்டை சீவணும். அதன்மேல் கோடு. இரண்டாவது, சைலன்சர் உள்குழாய் ரெண்டு இன்ச் வெட்டு. அதன்மேலும் கோடு. அதற்குக் கீழே வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்றிரண்டு வார்த்தை. 110, பரவால்ல. 105, நல்லாருக்கு. 102, மேல போனா விசில். 100, இன்னும் இருக்கு. நாலு எண்ணின் மேலும் ஸ்கேல் வைத்தது போல நேர்க்கோடு. கடைசியில் 97 என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, கோடும் இல்லை.

மாமா தாளை வாங்கிக்கொண்டு வண்டியின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த வண்டியை வைத்திருந்தவன் நம்ம ஜாதி, அதாவது மெக்கானிக் ஜாதி என்று சந்தோஷப்பட்டார். அந்த எண்கள் ஜெட்டின் எண்கள் என்று எனக்கு விளக்கினார். கார்பரேட்டருக்குள் பட்டாணி அளவில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கும், அதன் நடுவில் ஒரு துளை, பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் என்ஜினுக்குப் போகும். எண் குறையக் குறையத் துளை சிறுக்கும். பெட்ரோல் குறைந்து காற்று கூடும்போது சத்தம் கூர்மையாகும், இழுவை ஏறும். அதோடு சூடும் ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் என்ஜினுக்கு வேண்டிய ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது என்பதால், ஒரு அளவுக்குக் கீழே போனால் பிஸ்டன் காய்ந்து உள்ளேயே பிடித்துக்கொள்ளும். போகிற வேகத்தில் பின்சக்கரம் பூட்டுப் போட்டது போல நின்றுவிடும். இதையும் அவர்தான் சொன்னார். தெரியாமல் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"கடைசிய மட்டும் அடிக்கல பாரு பாப்பா. பயந்துட்டான்" என்றார்.

ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்மூடியை, பட்டறைக்கு எடுத்துப்போய் லேத்தில் ஏற்றி ஒரு தலைமுடி கனத்துக்குச் சீவினார். சைலன்சரின் உள்குழாயை வெட்டினார். 110 போட்டார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அந்தத் தாளிலேயே, நீலக் கோட்டின் மேல் தன் பென்சிலால் இன்னொரு கோடு போட்டார். அதன்பிறகு வாரம் ஒரு எண். சனிக்கிழமை ஜெட் மாற்றம், ஞாயிற்றுக்கிழமை சோதனை, அதாவது நானும் சோதனையில் உண்டு.

சிதம்பரம் போகிற பஸ்கள் புதுச்சத்திரம் தாண்டி முட்லூரிலிருந்து நேராகப் போய்விடும். நாங்கள் அங்கே புவனகிரி பக்கம் திரும்பிவிடுவோம். சுற்றுவழிதான், ஆனால் இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஆளில்லாத நேர்ரோடு. வண்டியை முழுசாக முறுக்கிப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த ரோட்டில் புவனகிரி வருவதற்கு முன்னால் தனியாக ஒரு மாடிவீடு. பச்சை பெயிண்ட் அடித்த இரட்டைக் கதவு கேட். 110 போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் அம்மா வயதுதான் இருக்கும், கொஞ்சம் கூட. நாங்கள் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே ஈரத்துணியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். வண்டி அவரைக் கடந்து போனபோது துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் காலடியில் தேங்கியிருந்தது. ஏனோ அது என் கண்ணில் பட்டது.

அடுத்த வாரம் 105. அந்த அம்மா கேட்டுக்கு வந்திருந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார்.

அதற்கடுத்த வாரம் 102. மேலே போனால் விசில் வரும் என்று எழுதியிருந்ததே, அப்படியே வந்தது. வேகம் ஏற ஏற என்ஜினின் இரைச்சலுக்கு மேலே இன்னொரு சத்தம், யாரோ பல்லிடுக்கில் மெல்ல விசிலடிப்பது போல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது. பச்சை கேட் அன்றைக்கு இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது. நடந்து வருகிறவர்களுக்காக யாரும் இரண்டு கதவையும் திறப்பதில்லை. வாசல்படியின் மேல் ஒரு பலகை சாய்த்துப் போட்டிருந்தது, வண்டிச் சக்கரம் ஏறுவதற்கு. அந்த அம்மா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நிற்காமல் போனபோது அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

மாமாவிடம் சொன்னேன். யாராவது விருந்தாளி வருவார்கள், அதற்குத் திறந்து வைத்திருப்பார்கள் என்றார். அவருக்கு அப்போது வேறு எதுவும் காதில் ஏறுகிற நிலைமை இல்லை. சாப்பிடும்போது, குளிக்கும்போது, எப்போது பார்த்தாலும் 'அவன்' பேச்சுதான். அவன் சொன்ன மாதிரியே விசில் வந்துவிட்டது, அவன் கெட்டிக்காரன், அவனுக்கு லேத் மட்டும் இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பான். ராத்திரி சாப்பாட்டில் ஒருநாள், அவன் இதற்குச் சம்மதிக்கமாட்டான் என்று ஏதோ ஒன்றைப் பற்றி மாமா சொல்ல, அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். யாரென்று தெரியாத ஒருத்தனை இப்படி வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதே என்றாள். மாமா சிரித்தார். அவன் பயந்து பாதியில் விட்டதைக் கல்யாணத்துக்குள் நான் முடிக்கிறேனா இல்லையா பார் என்றார்.

100 போட்ட ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சரியாக இருப்பதில்லை. பன்னிரண்டு மணி வெயில். விசில் முட்லூர் தாண்டும்போதே தொடங்கிவிட்டது. கேட் திறந்திருந்தது, பலகை போட்டிருந்தது. அந்த அம்மா கேட்டருகில் நின்றவர், நாங்கள் நெருங்கியதும் நிதானமாக முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். வருகிறவர் பின்னாலேயே வந்துவிடுவார், நாம் போய்ச் சாதம் எடுத்து வைப்போம் என்று போகிறவர்கள் நடப்பார்களே, அந்த நடை. நாங்கள் கடந்து போய்விட்டோம். வெகுதூரம் போன பிறகும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கேட்டை யாரும் மூடவில்லை. அன்று பெண் வீட்டில் எனக்கு முறுக்கு இறங்கவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

97 கடலூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். மாமா ஒரு பழைய ஜெட்டின் துளையை ஈயம் வைத்து அடைத்து, பட்டறையில் தலைமுடி போன்ற டிரில்லால் புதுத்துளை போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு சின்னத் துளையை அவ்வளவு நேர்த்தியாகப் போட ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதன் வழியாகப் பார்த்தேன். வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசில் இல்லை. அதற்குப் பதிலாக, பட்டுத்துணியைக் கிழிக்கிற மாதிரி மெல்லிசாக, இடைவெளி இல்லாத ஒரு சத்தம். வண்டி பறந்தது என்று சொன்னால் எழுத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். மாமாவின் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் மூச்சு விட முடியவில்லை. திடீரென்று மாமா பிரேக்கை மிதித்தார். எட்டிப் பார்த்தேன். நடுரோட்டில் அந்த அம்மா.

கையை விரிக்கவில்லை, கத்தவில்லை. வெறுமனே நின்றார். வண்டி அவருக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. மாமா ஏதோ திட்ட வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மா கிட்டே வந்து, கண்ணால் பார்க்காமலே, கையை டேங்கின் அடியில் விட்டுப் பெட்ரோல் குழாயைத் திருகி மூடினார். அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று எனக்கே மாமா இரண்டு முறை காட்டிக்கொடுத்த பிறகுதான் தெரியும். இந்த அம்மா ஆயிரம் தடவை செய்தவர் போலச் செய்தார்.

"பாப்பாவ எறக்கு" என்றார்.

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. யாரும்மா நீங்க, என்ன வேணும் என்று கேட்டார். அந்த அம்மா என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, ரோட்டில் இறக்கிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"நீ போறதுன்னா போ. உன்னத் தடுக்க நான் யாரு. இந்தப் புள்ளைய வுட்டுட்டுப் போ."

"எதுக்கும்மா? என்னா ஆச்சி?"

"இந்தச் சத்தத்தோட போனா வர முடியாது. அன்னிக்கி நான் எறக்காம வுட்டுட்டேன்."

மாமாவுக்கு அது புரிந்திருக்காது. பித்துப் பிடித்தவர் என்று நினைத்தார், அவரே பிறகு சொன்னார். ஆனால் சத்தத்தைப் பற்றிச் சொன்னது சுருக்கென்று தைத்துவிட்டது. ஒரு மெக்கானிக்கிடம் போய் உன் என்ஜின் சத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டால் அவன் சும்மா இருப்பானா? ஒன்றும் ஆகாது, நீங்களே பாருங்கள், முன்னால் இருக்கிற மதகு வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன், குழந்தை அதுவரை உங்களிடம் இருக்கட்டும் என்று சொல்லி, பெட்ரோலைத் திறந்துவிட்டுக் கிக்கரை உதைத்தார். மாமா வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவருக்காகச் சொல்லவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறாரே என்ற கோபத்தில் சொன்னேன். அந்த ஓட்டம் எனக்கு வேண்டியிருந்தது. என்னிடமிருந்து அதைப் பிடுங்கியவர் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

அந்த அம்மா என்னை உள்ளே அழைத்துப்போய், கேட்டின் இரண்டு கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வராண்டாவில் என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, காற்றில் பறந்து சிக்கலாகியிருந்த என் தலைமுடியைப் பிரித்து வார ஆரம்பித்தார். சீப்பு அங்கேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்து இழுத்துப் பின்னினார். பறக்கக்கூடாது, பறந்தால் கண்ணை மறைக்கும் என்று சொல்லிக்கொண்டார். எதிர்ச்சுவரில் இரண்டு படம். ஒன்று மீசை அரும்பிய ஒரு அண்ணன், மாலை போட்டு, குங்குமம் வைத்து. பக்கத்தில் என் வயதில் ஒரு பெண், பள்ளிக்கூட உடையில். அதற்கு மாலை இல்லை. அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன்.

"டியூசன் போயிருக்கு" என்றார்.

வெளியே மாமாவின் சத்தம் போய்க்கொண்டிருந்தது. கிழிகிற பட்டு நீண்டுகொண்டே போய், இன்னும் மெல்லிசாகி, ஊசிமுனையாகி, அப்படியே நின்றது. தேய்ந்து மறையவில்லை. நின்றது. வயல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. என் பின்னலில் அந்த அம்மாவின் விரல் அசையாமல் இருந்தது. பிறகு மீதிப் பின்னலையும் முடித்து, நுனியில் ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அவ்ளோதான்" என்றார். பின்னலைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டார். அவசரப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தார். எந்த இடம் என்று தேடாமல் நேராக நடந்தார். மதகுக்குச் சற்று முன்னால் தார் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு, அது முடிகிற இடத்தில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. நடவு முடிந்த வயலின் சேற்றில் மாமா உட்கார்ந்திருந்தார். வலது தோள் கோணிக்கொண்டு தொங்கியது. உயிரோடு இருந்தார். நான் ஓவென்று அழுதேன், அதுவரை அழுகை வராததற்கும் சேர்த்து.

அந்த அம்மா புடவையோடு சேற்றில் இறங்கினார். மாமாவின் முகத்தில் இருந்த சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். இரண்டு கையாலும் முகத்தைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "உம் பேரு என்னா?" என்று கேட்டார். மாமா சொன்னார். திரும்பவும் கேட்டார். மாமா திரும்பவும் சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, ரோட்டுக்கு ஏறி, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அந்த வழியாக வந்தவர்கள் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிவு, அதோடு போயிற்று. பெண் வீட்டார்தான் முதலில் ஓடி வந்தார்கள். அத்தையாகப் போகிறவரின் அப்பாவுக்கு அந்தப் பக்கமெல்லாம் பழக்கம். வண்டி எங்கே விழுந்தது என்று கேட்டவர், எந்த வண்டி என்று கேட்டார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் மகன் அதே மதகில்தான் போனான். தங்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு போனான். இரண்டு பேருமே திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் உயிர் வாங்கிய வண்டியை அந்த வட்டாரத்தில் விற்கமாட்டார்கள். பெற்றவர்கள் கண்ணில் மறுபடி படக்கூடாது என்று ஆறு தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவரிடம் காரணம் சொல்வதும் கிடையாது. அந்த வண்டி அப்படித்தான் நெல்லிக்குப்பம் போயிருக்கிறது. பெயிண்ட் மாறி, ஜெட் மாறி, சைலன்சர் மாறி வேறு வண்டியாகிவிட்டதை, மாமா வாரம் ஒரு எண்ணாகப் பழையபடி ஆக்கி, அந்த வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

எல்லாரும் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டு, சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுக்கச் சொன்னார். சேறு ஊறியிருந்தது. இடது கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் பயப்படல பாப்பா" என்றார். "போட்டுப் பாத்துட்டான். ஓட்டிட்டு வந்து அடிக்கலாம்னு போயிருக்கான்."

 ஊரிலேயே அந்தப் பழக்கம் உள்ள ஒரே ஆள் அவர், கோடு இல்லாததற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்ததால் இரண்டு விரலைக் கிளச்சின் மேல் வைத்தபடியே போனாராம். சக்கரம் பூட்டிக்கொண்ட நொடியில் கை தானாக அழுத்தி, சக்கரத்தை என்ஜினிலிருந்து விடுவித்துவிட்டது. இல்லாவிட்டால் மதகுச்சுவர்தான். பின்னால் நான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நான் இப்போது கார் ஓட்டுகிறேன், ஐம்பதைத் தாண்டமாட்டேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு மாமா என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழம், பூ, புடவையோடு அந்த வீட்டுக்குப் போனார். பஸ்ஸில்தான் போனோம். என் அம்மா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா எங்களுக்குக் காபி கொடுத்தார். சுவரில் இரண்டாவது படத்துக்கு அப்போதும் மாலை இல்லை. கிளம்பும்போது மாமா, வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே மாற்றிவிடப் போகிறேன், இனிமேல் அந்தச் சத்தம் இந்த ரோட்டில் வரவே வராது என்று சத்தியம் போலச் சொன்னார்.

அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கு மின்ன ரெண்டு வாரம் விசிலடிச்சிக்கினு வந்துதே" என்றார். "அது நல்லாதான இருந்துச்சி."

 பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஹெட், சைலன்சர், ஜெட் எல்லாம் புதுசு. வண்டி தையல் மிஷின் மாதிரி அடக்கமாக ஓடியது. தையில் கல்யாணம் முடிந்து, மறுவீடு போன அத்தையை அழைத்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் அதே வழியில் போனோம். நாற்பதுக்கு மேல் போகவில்லை. அந்த அம்மா கேட்டுக்கு வெளியே, ரோட்டோரக் குழாயில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் கடந்து போனோம். அவர் திரும்பவில்லை. நான் அந்த முதுகைப் பார்த்து உற்சாகமாகக் கை ஆட்டினேன். பிறகு மாமாவின் காதருகில் எக்கி, அவங்களுக்கு இப்ப பயமே இல்ல பாத்தியா மாமா, சத்தம் கேட்டாகூடத் திரும்பல என்று சொன்னேன். மாமா பக்கக் கண்ணாடியில், சாத்திக் கிடந்த பச்சை கேட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு நல்லது செய்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் சிதம்பரம் வரைக்கும் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனேன்.